மே மாதம் ஜெயித்த வகுப்பறை

ஆடி மாதத்து மத்தியானம். ஆழ்வார்திருநகரியில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்குகிறேன். கையில் என் மனைவி செண்பகம் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடி. அவள் அங்கே கணக்கு டீச்சர். நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை வரைந்து கட்டிக் கொடுத்தவன். அந்த அறையில்தான் அவளுடைய எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு நடக்கிறது.

என் அறையில் என் மனைவி பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறோம் என்று உள்ளுக்குள் ஒரே குஷி. கண்ணாடி எல்லாம் ஒரு சாக்குதான்.

போய்ப் பார்த்தால் அறையில் ஒரு பிள்ளை இல்லை.

பெஞ்சுகளை மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். மேற்குச் சுவரில், ஓட்டை ஓட்டையாகச் செங்கல் அடுக்கி நான் பார்த்துப் பார்த்து வைத்த ஜாலி என்கிற சல்லடைத் தடுப்பை மறைத்து, பெரிய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று கட்டியிருந்தது. யார் வீட்டுக் காதணி விழாவோ! மொட்டை போட்ட இரண்டு குழந்தைகள், சுற்றிலும் கும்பிட்டபடி தாய்மாமன்மார். காற்றில் அந்தத் தாய்மாமன்மார் எல்லாரும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அறையிலிருந்து செண்பகத்தின் குரல் கேட்டது. அது என் கூட்டாளி இசக்கி வரைந்து கட்டிய அறை. எட்டு 'ஏ', எட்டு 'பி' இரண்டு பிரிவுகளையும் அதற்குள் அடைத்து, பெஞ்சில் இடம் இல்லாத பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, அவள் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறாள். அத்தனை நெருக்கத்திலும் ஒரு பிள்ளை நோட்டை எடுத்து விசிறவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே மார்புக்குக் கீழே திகுதிகுவென்று எரிந்தது.

அந்த இசக்கி சார்

போன வாரம் இந்தத் தொடரில் இசக்கியைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். பத்திரிகை ஆபீசிலிருந்து போன். "சார், வாசகர்கள் அந்த இசக்கி சாரைப் பத்தி இன்னும் எழுதச் சொல்றாங்க" என்கிறார்கள். என் நினைவுகளை நான் எழுதுகிறேன், வாசகருக்கு இசக்கி வேண்டுமாம். இதற்கு என்ன சொல்ல?

சரி, எழுதுகிறேன். இசக்கிமுத்து நாங்குநேரிக்காரன். கட்டடக்கலை படிக்கப் போன இடத்தில் எனக்கு ஹாஸ்டல் அறைத் தோழன். ராவும் பகலும் முதுகு ஒடிய நான் படம் வரைவேன். அவன் சாயங்காலம் எங்கேயாவது சுற்றிவிட்டு வந்து, பென்சிலைச் சீவி, நாலு கோடு போடுவான். மறுநாள் வாத்தியார் அவன் மேஜைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார்.

லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். என் அம்மா வைக்கிற சொதியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுவான். ஊருக்குப் போய் வந்தால், வானமாமலைப் பெருமாள் கோயில் எண்ணெய் ஒரு பாட்டிலில் கொண்டுவந்து அம்மாவின் முழங்காலுக்குக் கொடுப்பான். அம்மாவுக்கு வலி குறைந்ததோ இல்லையோ, அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் "இசக்கியப் பாரு" என்பதுதான் பேச்சு. பெற்ற பிள்ளை நான். மூட்டுவலி மாத்திரை வாங்கிப் போடுகிறவனும் நான். பெயர் அவனுக்கு.

கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம். நல்லவனாகவும் இருந்து தொலைத்தான்.

தகரத்துக்குக் கீழே

பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே தொழில் தொடங்கினோம். ஏன் என்று கேட்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். மூன்றாவது ஆள் மேலப்பாளையம் மைதீன். கம்பி, கான்கிரீட் கணக்கெல்லாம் அவன் பொறுப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசுவதும் அவன் பொறுப்புதான்.

ஆபீஸ் பேட்டையில், தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத்து பட்டறைக்கு மாடியில். மேலே தகர ஷீட். ஊருக்கெல்லாம் குளுகுளுவென்று கட்டடம் வரைந்து கொடுக்கிற நாங்கள், சித்திரை மாதம் பனியனோடு உட்கார்ந்து, வியர்வை படத்தில் சொட்டாமல் இருக்க முழங்கைக்குக் கீழே துண்டு போட்டுக்கொண்டு வரைவோம். வருகிற ஆட்கள் மேலே ஒரு தரம் பார்ப்பார்கள், எங்களை ஒரு தரம் பார்ப்பார்கள்.

அங்கேதான் ஆழ்வார்திருநகரி பள்ளிக்கூட வேலை வந்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு வரிசையாகப் புது வகுப்பறைகள். செயலாளர் வரதன் சார், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஏ.சி. கிடையாது, கரண்ட் போனால் ஃபேனும் கிடையாது. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் மயங்கி விழாமல் பாடம் கேட்க வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ற கட்டடம்.

இந்த மாதிரி வேலைக்குத்தான் நான் காத்துக்கிடந்தேன். இசக்கியும் காத்துக்கிடந்தான் போலிருக்கிறது.

திட்டம் போட உட்கார்ந்தோம். யார் எதைச் செய்வது என்று பிரிக்கப் போனால், கூரையை வேண்டுமானால் நீ எடுத்துக்கொள், சுவர் எனக்கு என்கிறேன் நான். அதையே சொல்கிறான் அவன். காற்று வருகிற வழியை முடிவு செய்கிறவன்தான் கட்டடத்தை முடிவு செய்கிறவன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் இந்த வேலைக்கென்று ஒரு குழு வைத்திருந்தோம். அவன் ஏதாவது போட்டால் வரதன் சார், தலைமை ஆசிரியர் என்று எல்லாரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள். நான் போட்டால் மைதீன் மட்டும் தூக்குவான். அதுவும் பாவம் பார்த்து.

கடைசியில் மைதீன்தான் வழி சொன்னான். ஒரே அளவு, ஒரே செலவு, ஆளுக்கு ஒரு மாதிரி அறை கட்டுவது. பள்ளிக்கூடம் எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அதைப் போலவே மற்ற எல்லா அறைகளும். தேர்வாகிறவன்தான் முழு வேலைக்கும் தலைமை. வரதன் சாருக்கு யோசனை பிடித்துப்போயிற்று.

எப்போது சோதித்துப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அக்னி நட்சத்திரத்தில்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். வெயில் உச்சத்தில் தாங்குகிற அறை எப்போதும் தாங்கும். இசக்கி மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு, மே மாதம் பள்ளிக்கூடம் லீவு ஆயிற்றே என்றான்.

"ஏலே, வெயிலுக்கு லீவு உண்டா?" என்று கேட்டேன்.

வரதன் சார் விழுந்து விழுந்து சிரித்தார். மைதீன் சிரித்தான். லேத்து பட்டறைக்காரர், டீ கொண்டுவந்தவர், அவர்களும் சிரித்தார்கள். இசக்கியின் முன்னிலையில் ஒரு கூட்டம் என் பக்கம் சேர்ந்து சிரித்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

ஆளுக்கு ஒரு அறை

என் அறைக்கு நான் மார்கழியில் இடம் பார்க்கப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு மேற்கே ஒரு குளம். கரை தொட்டுத் தண்ணீர், அல்லிப் பூ, நாரை. பார்த்த உடனே முடிவு செய்துவிட்டேன். மேல்காற்று அந்தத் தண்ணீரைத் தடவிக்கொண்டு வரட்டும். மேற்குச் சுவர் முழுக்க ஜாலி. அடைக்கவே முடியாத, எப்போதும் மூச்சு விடுகிற சுவர். கூரையைத் தூக்கி, சூடான காற்று மேலே வெளியேற இடைவெளி. நானே வரைந்துவிட்டு நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

இசக்கியின் அறையைப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும். மேற்கே ஒரு தாழ்வாரம். அதற்குப் பின்னால் சுவரில் மரக்கதவு போட்ட ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு. கிழக்கேயும் அப்படியே. தாசில்தார் ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று மைதீனிடம் சொன்னேன்.

மே மாதம் வந்தது. இரண்டு அறைகளிலும் மைதீன் தெர்மாமீட்டர் மாட்டினான். தினமும் மத்தியானம் பள்ளிக்கூட வாட்ச்மேன் போய்ப் பார்த்து போட்டோ எடுத்து அனுப்புவார். ஒரு நாள் பாக்கியில்லாமல் என் அறையில்தான் சூடு குறைவு. நான் அந்தப் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் குழுவில் போட்டேன். முதல் ஆளாக இசக்கி கைதட்டுகிற படம் அனுப்பினான். கூடவே, "சூப்பர்லே சங்கரா" என்று ஒரு வரி. தோற்றவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அல்லவா ஜெயித்தவனுக்கு ருசி? அதைக்கூடக் கொடுக்க மாட்டான்.

பள்ளிக்கூடம் திறந்து, ஆடியில் முடிவு சொல்கிறோம் என்றார் வரதன் சார். முடிவு தெரிந்ததுதானே என்று இருந்தேன்.

அவன் ஏன் ஆபீசுக்கு வரவில்லை

ஜூன் மாதத்திலிருந்து இசக்கி வாரத்தில் ஒரு நாளாவது ஆபீசுக்கு மட்டம் போடுவான். கேட்டால், ஆழ்வார்திருநகரி வரை போயிருந்தேன் என்பான். செண்பகம் பாளையங்கோட்டையில் ஏறுகிற அதே திருச்செந்தூர் வண்டியில் போவான். சாயங்காலம் அவள் வந்து, "இன்னைக்கு இசக்கி அண்ணன் வந்திருந்தாவ" என்பாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், என்னமோ பேசினோம் என்பாள்.

என் மற்ற நண்பர்கள் எல்லாரும் அவளை மதினி என்று கூப்பிடுவார்கள். இவன் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து 'டீச்சர்' என்பான். அப்படிக் கூப்பிட்டால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். நான் கவனித்திருக்கிறேன்.

தப்பாக எதையும் நினைக்கவில்லை. அந்த மாதிரிப் பொறாமை இல்லை இது. ஆனால் அவர்கள் வண்டியில் என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்று தெரியாமல் எனக்கு இட்லி இறங்கவில்லை. அது என்ன வகைப் பொறாமை என்று எனக்கே பெயர் தெரியவில்லை.

காதணி விழாவுக்குப் பின்னால்

அந்த ஆடி மத்தியானத்துக்கு வருகிறேன். மணி அடித்ததும் செண்பகம் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கண்ணாடியை வாங்கிக்கொண்டு, காற்று குறைந்ததும் பழையபடி அங்கேயே போய்விடுவோம் என்று பூசி மெழுகினாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஆனி பாதியிலிருந்தே என்றாள். அதுவரைக்கும் அவள் என் அறையிலேயே சமாளித்திருக்கிறாள். தலைமை ஆசிரியர்தான் பிள்ளைகளின் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு மாற்றச் சொன்னாராம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஜெயிச்சிட்டோம்னு சந்தோஷமா இருந்திய. எப்படிச் சொல்லச் சொல்லுதிய?"

அவள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். நான் என் அறைக்குப் போய் அந்தப் பேனரின் ஒரு முனையை அவிழ்த்தேன். மூஞ்சியில் அடித்தது பாருங்கள் புழுதி! வாய், மூக்கு, கண் எல்லாம் மண். ஜாலியின் ஒவ்வொரு ஓட்டையிலும் காற்று ஊளையிட்டது. நான் அல்லிப் பூ பார்த்த குளம் வறண்டு, மாடு நடந்து நடந்து பவுடராகக் கிடந்தது. அந்தப் புழுதியைத்தான் மேல்காற்று என் அறை வழியாகச் சலித்துக்கொண்டிருந்தது.

ஆடிக் காற்றுக்கு வாழைத்தோப்பு முழுவதும் கம்பு முட்டுக் கொடுத்து வைக்கிற ஊர் இது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான், அடைக்க முடியாத ஒரு சுவரைக் கட்டி மேற்கே பார்த்து நிறுத்தியிருக்கிறேன். சோதனை வைத்ததும் காற்றே இல்லாத மாதத்தில், ஒரு பிள்ளையும் இல்லாத அறையில். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். மே மாதம் என் அறைதான் குளிர்ச்சி. அதை யாராலும் மறுக்க முடியாது.

பேனரைத் திரும்பக் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை.

கூட்டம்

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில், இசக்கியின் அறையில் கூட்டம். நான் எதுவும் வாயைத் திறக்கவில்லை. திறப்பானேன்? மைதீன் தெர்மாமீட்டர் கணக்கை வாசித்தான். பேங்க்காரரான வரதன் சாருக்கு எண் என்றால் வேதவாக்கு. "அப்ப சங்கரன் சார் ரூம்தான்னு ஆயிட்டுதே" என்றார். இசக்கி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் பள்ளிக்கூடமே கதியென்று கிடந்தவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தான். எனக்குப் புழுக்கமாக இருந்தது.

முடிக்கப் போகிற நேரத்தில் தலைமை ஆசிரியர், இரண்டு அறையிலும் பாடம் எடுத்தவர் செண்பகம் டீச்சர்தான், அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார்.

செண்பகம் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என் பக்கம் பார்க்கவில்லை.

"சார், மே மாசம் நாங்க இங்க இல்ல. நாங்க இருக்க மாசத்துல, அந்த ரூம்ல போர்டுல எழுதுனது தெரியாது, நான் பேசுனது கேக்காது. இந்த ரூம்ல கீழ் கதவ அடச்சிட்டு மேல் கதவத் தெறந்து வச்சா போதும், காத்து பைய வரும். பிள்ளையளுக்கு இதுதான் வேணும்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். வரதன் சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இசக்கி அறை என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை

திரும்பி வருகிற வண்டியில் ஸ்ரீவைகுண்டம் தாண்டுகிற வரைதான் தாங்கினேன். அப்புறம் பொறுக்க முடியவில்லை. அவன் அப்படி என்னதான் செய்துவிட்டான், ஜன்னலுக்கு இரண்டு கதவு போட்டான், அது ஒரு பெரிய கண்டுபிடிப்பா என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அந்த அண்ணன் கடைசி பெஞ்சுல வந்து ஒரு நாள் பூரா உக்காந்தாவ. உங்க ரூம்லயும் உக்காந்தாவ. நீங்க தெர்மாமீட்டர உக்கார வச்சிய."



அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இசக்கி வரைபடச் சுருளோடு வீட்டுக்கு வந்தான். தலைமை அவன் என்றாலும் வேலை மூன்று பேருக்கும் பொதுதான் என்றான். எங்கள் சாப்பாட்டு மேஜையில் படத்தை விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தான். என்னிடம் பேசுவான் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் அடுக்களைப் பக்கம் திரும்பினான்.

"டீச்சர், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. போர்டு இந்தப் பக்கம் சரியா வருமா?"

செண்பகம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து பார்த்தாள். போர்டுக்கு ஒட்டினாற்போல இருக்கிற கிழக்கு ஜன்னலால் காலையில் போர்டு பளபளக்கும், ஓரத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது, அதை ஒரு முழம் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு, என் பென்சிலை எடுத்து, அவன் படத்தில், எங்கள் மேஜையில், தானே ஒரு கோடு போட்டாள். கோடு கொஞ்சம் கோணல். ஆனால் சரியான இடம். கட்டடக்காரன் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா?

இசக்கி அந்தக் கோட்டை அழிக்கவில்லை. அப்படியே ஸ்கேல் வைத்து நேராக்கினான். பிறகு படத்தின் வலது கீழ் மூலைக்கு வந்தான். வரைந்தவர்கள் பெயர் போடுகிற கட்டம் அது. மைதீன் பெயரை எழுதினான், என் பெயரை எழுதினான், தன் பெயரை எழுதினான். பேனாவை மூடப் போனவன் திரும்பத் திறந்து, நாலாவதாக 'செண்பகம் டீச்சர்' என்று எழுதினான்.

அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டம்ளர் எடுக்க வந்தவள் போல ஒரு டம்ளரைத் தூக்கினாள், படம் சுருண்டுவிடும் என்று திரும்ப வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

இந்த மேஜையில் நான் எத்தனை படம் விரித்திருக்கிறேன். எத்தனை தரம் அவள் டம்ளர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அதுவும் அவனுக்குத்தான் தோன்றியது.